இராமானுஜனின் கணக்கேடுகள்

நாட்டுக்கு நாடு மொழி வேறுபடுவது யாவரும் அறிந்ததே. கணக்கை எழுதும் முறையும் அவ்வாறே நாட்டுக்கு நாடு வேறுபடும் என்பதைப் பலர் அறியார். 432 என்னும் எண்ணை 12 ஆல் வகுக்கும் எளிய கணக்கொன்றைக் கொள்க. தமிழ்நாட்டுப் பள்ளி மாணவன் 12 ஐ இடப்புறம் எழுதி, ஒரு வளைகோடு இட்டு, அதன்பின் 432 ஐ எழுதுவான். ஈவை வலப்புறத்திலோ மேற்புறத்திலோ குறிப்பான். பிரெஞ்சு நாட்டு மாணவன் 432 ஐ முதலில் எழுதி, அதன் வலப்பக்கத்தில் ஒரு நெடுங்கோடு இழுத்து, அக்கோட்டுக்கு அப்பால் 12 ஐ எழுதுவான். ஈவு அந்தப் பன்னிரண்டின் கீழ் இடம்பெறும். செருமனி நாட்டு மாணவன் இரண்டு எண்களுக்கும் இடையே இரு புள்ளிகளை ஒன்றன்மேல் ஒன்றாக இட்டு, சமக்குறிக்குப் பின் ஈவை எழுதுவான். அமெரிக்க மாணவன் ஈவை வகுபடும் எண்ணின் தலைமேல் ஏற்றி வைப்பான். ஆயினும் நால்வர்க்கும் கிடைக்கும் ஈவு 36 என்பதே. மீதி ஒன்றும் இராது.

குறிகள் பலவாயினும் உண்மை ஒன்றே. எனினும் ஒருவர் கண்ட உண்மை பிறர்க்குப் பயன்பட வேண்டுமாயின், அது பிறர் படித்தறியும் குறிகளால் எழுதப்படல் வேண்டும். கிடைக்கோட்டின் மேலும் கீழும் புள்ளியிட்ட குறியை வகுத்தலுக்கு வழங்கிய முதல் நூல் 1659 ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் வெளிவந்தது. அதே குறி வட ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் கழித்தலைக் குறிக்க வழங்கியதுண்டு. எழுதியவர் ஒன்று கருத, படிப்பவர் வேறொன்று கொள்வாராயின் கணக்கு முழுதும் பாழாம்.

எண்களின் உண்மைகளைப் பல்லாயிரமாகக் கண்டறிந்தும், அவற்றைப் பிறர் படிக்குமாறு எழுத வழியறியாது பல்லாண்டு வருந்திய ஓர் அறிஞர் தமிழ்நாட்டில் தோன்றினார். அவரே சீனிவாச இராமானுஜன். இந்நாளில் கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சார்ந்துள்ள திருக்கோவிலூர் என்னும் ஊரே அவர் வாழ்க்கையின் திருப்புமுனையாக அமைந்தது.

பிறப்பும் இளமையும்

இராமானுஜன் 1887 ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 22 ஆம் நாள், தாயைப் பெற்ற பாட்டியாரின் இல்லத்தில், ஈரோட்டில் பிறந்தார். தந்தையார் குப்புசாமி சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கர். தாயார் கோமளத்தம்மாள் கோவிலில் பத்திப் பாடல்கள் பாடிச் சிறிது பொருள் ஈட்டினார். சாரங்கபாணி சன்னிதித் தெருவில் இருந்த சிறிய ஓட்டு வீட்டில் இராமானுஜன் வளர்ந்தார். இரண்டு வயதில் பெரியம்மை கண்டும் உயிர் பிழைத்தார்.

1897 ஆம் ஆண்டில் தொடக்கப்பள்ளித் தேர்வில் அவர் மாவட்டத்தில் முதலிடம் பெற்றார். அடுத்த ஆண்டு கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். அவர் சிறுவராயிருந்தபோது நடந்ததாக ஒரு செய்தி வழங்குகிறது. எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஈவு ஒன்று என ஆசிரியர் வகுப்பில் கற்பித்தார். மூன்று பழங்களை மூவர்க்குப் பகிர்ந்தால் ஆளுக்கு ஒன்று கிடைக்கும் என்று சான்றும் காட்டினார். இராமானுஜன் எழுந்து, பழமும் இல்லை, பெறுவோரும் இல்லை என்னும்போது ஆளுக்கு ஒன்று எவ்வாறு கிடைக்கும் என வினவினாராம். அவ்வினா பொருள் பொதிந்தது. எந்த எண்ணைச் சுழியால் பெருக்கினும் சுழியே வருதலால், சுழியைச் சுழியால் வகுத்தால் ஈவு இன்னதென்று உறுதி கூற இயலாது. விதி எவ்விடத்தில் செல்லும், எவ்விடத்தில் செல்லாது என்று எல்லை காணும் இயல்பு அவரிடம் இளமையிலேயே அமைந்திருந்ததை இச்செய்தி காட்டுகின்றது.

1903 ஆம் ஆண்டில் கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூலொன்று அவர் கைக்கு எட்டியது. ஏறத்தாழ ஐயாயிரம் முடிவுகளைத் தொகுத்துக் கூறிய நூல் அது. முடிவுகள் வரிசையாக எண்ணிட்டுக் காணப்பட்டனவேயன்றி, அவற்றை நிறுவும் வழிகள் பெரும்பாலும் விரிவாகக் கூறப்படவில்லை. பிற மாணவர்க்கு அது வறண்ட பட்டியலாகத் தோன்றியிருக்கும். இராமானுஜனோ ஒவ்வொரு முடிவையும் தாமே நிறுவிப் பார்த்தார். அவற்றுக்கும் அப்பால் புதிய முடிவுகளைக் கண்டார். கண்டவற்றையெல்லாம் கணக்கேட்டில் எழுதினார். அந்நூலைப் போலவே முடிவை மட்டும் எழுதி, வழியை விட்டுவிடும் பழக்கமும் அவர்க்கு ஏற்பட்டது.

அப்பழக்கத்திற்கு வறுமையும் ஒரு காரணம். தாள் விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருள். ஆகவே அவர் பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, மீண்டும் எழுதினார். இறுதியில் கிடைத்த முடிவே தாளில் ஏறியது. அம்முடிவுக்குக் கொண்டு சென்ற படிகள் பலகைத் தூளோடு மறைந்தன.

தோல்விகள்

1904 ஆம் ஆண்டில் பள்ளியில் கணிதப் பரிசும், அரசினர் கல்லூரியில் பயில உதவித்தொகையும் இராமானுஜனுக்குக் கிடைத்தன. ஆயின் அவர் உள்ளம் கணிதம் ஒன்றையே நாடியது. ஆங்கிலத்தில் தோல்வியுற்றமையால் உதவித்தொகையை இழந்தார். 1905 ஆம் ஆண்டில் மனம் கலங்கி வீட்டைவிட்டு விசாகப்பட்டினம் சென்றார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். 1906 ஆம் ஆண்டும் அதன் அடுத்த ஆண்டும் எழுதிய தேர்வுகளில் கணிதம் நீங்கலான பாடங்களில் தவறினார். கல்லூரிக் கதவு அவர்க்கு அடைபட்டது.

1909 ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சானகியம்மாளுக்கும் அவர்க்கும் திருமணம் நடைபெற்றது. குடும்பம் காக்கும் கடமை வந்துற்றது. பட்டம் இல்லை, தொழில் இல்லை, உடல்நலமும் குன்றியிருந்தது. கணக்கேடுகள் மட்டுமே கையில் இருந்தன. அவற்றைப் பார்த்தவர் பலர். படித்தறிந்தவர் எவரும் இலர்.

திருக்கோவிலூர்ப் பயணம்

அந்நாளில் கள்ளக்குறிச்சியும் திருக்கோவிலூரும் தென்னார்க்காடு மாவட்டத்தின் வட்டங்களாக விளங்கின. மேற்கே கல்வராயன் மலைத்தொடர் ஓங்கி நிற்க, கிழக்கே தென்பெண்ணையாறு பாய்ந்து வளம் செய்யும் நாடு அது. ஆற்றின் தென்கரையில் உள்ள திருக்கோவிலூர், திருக்கோவலூர் எனப் பழம்பெயர் பெற்றது. சங்க காலத்து மலையமான் காரியின் நாட்டைச் சார்ந்தது. மூன்றடியால் உலகளந்த பெருமாளின் திருக்கோவில் அவ்வூரில் உள்ளது.

1910 ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் திருக்கோவிலூரில் துணை ஆட்சியராகப் பணியாற்றியவர் வே. இராமசாமி ஐயர். வருவாய்த்துறை அலுவலராயினும் அவர் கணிதத்தில் பெரும்பற்று உடையவர். 1907 ஆம் ஆண்டில் நாடெங்கும் இருந்த கணித அன்பர்களுக்கு எழுதி, ஒரு கழகத்தை நிறுவியவர் அவரே. இந்தியக் கணிதக் கழகம் என இன்றளவும் நிலவும் அமைப்பு அதுவே. அக்கழகம் 1909 ஆம் ஆண்டில் ஓர் ஆய்விதழையும் தொடங்கியது.

இராமானுஜன் அவரைக் காணக் கும்பகோணத்தினின்று திருக்கோவிலூர்க்கு வந்தார். அப்போது அவர் இருபத்து மூன்று வயதை எட்டும் இளைஞர். அவர் வேண்டியது பெரும்பதவி அன்று. ஆராய்ச்சிக்குப் பொருளுதவியும் அன்று. வட்ட அலுவலகத்தில் ஓர் எழுத்தர் வேலை கிடைத்தால் போதும் என்பதே அவர் வேண்டுகோள். ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, ஓர் அணாவுக்குப் பன்னிரண்டு பை என்னும் வாய்பாட்டின்படி நிலவரிக் கணக்கை வகுத்தும் கூட்டியும் எழுதும் வேலை அது. தம் கணித ஆற்றலுக்குச் சான்றாக அவர் தம் கணக்கேட்டை நீட்டினார்.

இராமசாமி ஐயர் ஏட்டைப் புரட்டினார். வேறெந்த நூலிலும் கண்டிராத முடிவுகள் பக்கந்தோறும் நிறைந்திருக்கக் கண்டு வியந்தார். எழுத்தர் வேலை தருவது அவர்க்கு அரிதன்று. அவ்வேலையைத் தந்திருந்தால் இளைஞரின் அன்றாட வறுமை நீங்கியிருக்கும். இளைஞரும் நன்றி கூறித் திரும்பியிருப்பார். ஆயின் வருவாய்த்துறையின் அடிப்படியில் அவரை அமர்த்துவது அவருடைய அறிவுச் சுடரை மூடி அணைப்பதாகும் என்று இராமசாமி ஐயர் கருதினார். கேட்டதைக் கொடுக்காமல், கேளாததைக் கொடுக்க முடிவு செய்தார். சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் எழுதித் தந்து அனுப்பினார்.

வெறுங்கையோடு திரும்பியதாகவே அன்று இராமானுஜனுக்குத் தோன்றியிருத்தல் கூடும். ஆனால் அக்கடிதமே அவரைக் கும்பகோணத்தில் முன்னர்க் கணிதம் கற்பித்த சேசு ஐயரிடம் கொண்டு சேர்த்தது. சேசு ஐயர் அவரை நெல்லூர் மாவட்ட ஆட்சியர் இராமச்சந்திர ராவிடம் அனுப்பினார். இராமச்சந்திர ராவ் முதலில் ஐயுற்றார். பன்முறை கேட்டறிந்த பின்னரே தெளிந்தார். அதன்பின் இராமானுஜன் கணித ஆராய்ச்சியிலேயே ஈடுபடுமாறு திங்கள்தோறும் 25 ரூபாய் உதவினார்.

அச்சேறிய முதற் கட்டுரை

1911 ஆம் ஆண்டில் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் இராமானுஜனின் பெயர் முதன்முதலாக அச்சேறியது. படிப்போர் விடையிறுத்தற்கென அவர் ஒரு வினாவை விடுத்தார். ஒன்றோடு இரண்டு மடங்கு வர்க்கமூலத்தைக் கூட்டுக. அவ்வர்க்கமூலத்தினுள் ஒன்றோடு மூன்று மடங்கு வர்க்கமூலம். அதனுள்ளே நான்கு மடங்கு. இவ்வாறு முடிவின்றிச் செல்லும் தொடர் முழுவதையும் ஒரு வர்க்கமூலக் குறி மூடியிருந்தால் அதன் மதிப்பு யாது என்பது வினா. ஆறு திங்கள் சென்றும் விடை எழுதியவர் ஒருவரும் இலர். பின்னர் இராமானுஜனே விடையை வெளியிட்டார். முடிவின்றிச் சென்ற அத்தொடரின் மதிப்பு 3 என்னும் சிற்றெண்ணே.

அதே ஆண்டில் பெர்னோலி எண்களைப் பற்றிய அவருடைய முதற் கட்டுரையும் வெளிவந்தது. அது எளிதில் வெளிவந்ததன்று. இதழின் ஆசிரியராயிருந்தவர் பெங்களூர் மத்தியக் கல்லூரிப் பேராசிரியர் ம. தி. நாராயண ஐயங்கார். இராமானுஜனின் கருத்துகள் புதியன. ஆனால் எழுதிய முறை சுருக்கமாகவும் தெளிவின்றியும் இருந்தது. படிக்கு இடையே படி விடுபட்டிருந்தது. பழகாத வாசகர் பின்தொடர இயலாது. ஆகவே கட்டுரை ஆசிரியரிடமிருந்து இராமானுஜனிடம் மும்முறை திரும்பிச் சென்று வந்தது. பொறுமையற்ற ஆசிரியராயின் அதனை முதல் முறையிலேயே ஒதுக்கியிருப்பார். தன்மதிப்பு மிக்க இளைஞராயின் இரண்டாம் முறையே எழுதுவதை நிறுத்தியிருப்பார். இருவரும் அவ்வாறு செய்யாமையால் கட்டுரை உருப்பெற்றது.

அந்நாளில் கணிதத்தை அச்சிடுவது அரிய தொழில். செய்யுளாயினும் உரைநடையாயினும் எழுத்துகள் ஒரே வரிசையில் நிற்கும். கணிதத்தில் எழுத்துகள் மேலும் கீழும் ஏறி இறங்கும். ஒரு நெடிய வகுத்தற் கணக்கை அச்சுக் கோப்பவர், ஒவ்வோர் இலக்கமும் தன் இடமதிப்புக்கு நேர்கீழே நிற்குமாறு, எழுத்தில்லாத வெற்று ஈயக்கட்டைகளை இடையிடையே செருக வேண்டும். கழித்தல் கோடு ஒவ்வொன்றுக்கும் அளவாக ஒரு பித்தளைத் தகட்டை நறுக்கி வைக்க வேண்டும். ஓர் இலக்கம் ஓரிடம் விலகினும் பத்து நூறாகும். மூலக்குறியினுள் மூலக்குறி அடுக்கி வரும் தொடரையும், பின்னத்தினுள் பின்னம் இறங்கி வரும் தொடரையும் ஈய எழுத்தால் கட்டுவது அதனினும் கடினம். ஆகவே எழுதுபவர் தெளிவாக எழுதித் தருவது இன்றியமையாதது.

கடல் கடந்த கடிதம்

பிறர் உதவியில் நெடுநாள் வாழ இராமானுஜன் விரும்பவில்லை. 1912 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக அமர்ந்தார். திருக்கோவிலூரில் கிடைக்காத வேலை சென்னையில் கிடைத்தது. ஆயினும் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. துறைமுகத்தில் அவர்க்கு மேலலுவலராயிருந்த நாராயண ஐயர் கணிதக் கழகத்தின் பொருளாளர். இரவு நேரங்களில் இருவரும் ஆளுக்கொரு பலகையுடன் அமர்ந்து கணக்கிடுவர். தாவித் தாவிச் செல்லும் இராமானுஜனின் படிகளைப் பிறர் ஏறத்தக்க சிறு படிகளாக்குமாறு நாராயண ஐயர் அவரை வற்புறுத்துவார். துறைமுகக் கழகத் தலைவர் சர் பிரான்சிசு இசுபிரிங்கும் ஆதரவு தந்தார்.

1913 ஆம் ஆண்டு சனவரி 16 ஆம் நாள் இராமானுஜன் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழக அறிஞர் ஆர்டிக்குக் கடிதம் எழுதினார். நூற்றுக்கு மேற்பட்ட முடிவுகள் கடிதத்துடன் சென்றன. அவற்றுள் ஆர்டியைப் பெரிதும் திகைக்க வைத்தவை தொடர்பின்னங்கள்.

தொடர்பின்னம் என்பது வகுத்தலின் நீட்சியே. 43 ஐ 30 ஆல் வகுத்தால் ஈவு 1, மீதி 13. இனி 30 ஐ அந்த மீதியாகிய 13 ஆல் வகுத்தால் ஈவு 2, மீதி 4. பதின்மூன்றை நான்கால் வகுத்தால் ஈவு 3, மீதி 1. நான்கை ஒன்றால் வகுத்தால் ஈவு 4, மீதி இல்லை. இவ்வாறு கிடைத்த 1, 2, 3, 4 என்னும் ஈவுகளைப் பின்னத்தின் கீழ்ப் பின்னமாக, படிக்கட்டுப் போல் இறங்கி வருமாறு எழுதினால் அதுவே தொடர்பின்னம். சிறிய எண்களாயின் படிகள் விரைவில் முடியும். இராமானுஜன் எழுதியவையோ முடிவின்றி இறங்குவன. அவற்றின் மதிப்பை அவர் ஒரு வரியில் கூறியிருந்தார். எவ்வாறு கண்டார் என்பதை மட்டும் கூறவில்லை. ஆர்டியும் அவர் நண்பர் இலிட்டில்வுட்டும் அம்முடிவுகளை நெடுநேரம் ஆராய்ந்து, எழுதியவர் பெருமேதை எனத் தெளிந்தனர்.

அதன் பயனாக 1913 ஆம் ஆண்டு மே முதல் சென்னைப் பல்கலைக்கழகம் இராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. கேம்பிரிட்சு அறிஞர் நெவில் சென்னைக்கு வந்து அவரை நேரில் கண்டு, இங்கிலாந்து வருமாறு இசைவித்தார். 1914 ஆம் ஆண்டு மார்ச்சு 17 ஆம் நாள் இராமானுஜன் கப்பலேறினார்.

கேம்பிரிட்சில் ஐந்தாண்டுகள்

கேம்பிரிட்சில் இராமானுஜனின் முதற் பெரும்பணி வகுத்தலைப் பற்றியதே. 12 என்னும் எண்ணை 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு எண்கள் மீதியின்றி வகுக்கும். பன்னிரண்டுக்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் ஆறு வகுத்திகள் இல்லை. 24, 36, 48, 60 ஆகியனவும் அத்தகையவை. ஒரு நாளுக்கு 60 நாழிகை எனவும், ஒரு மணிக்கு 60 நிமிடம் எனவும் முன்னோர் வகுத்தது வசதியாய் அமைந்ததற்குக் காரணம் இதுவே. அறுபதைப் பன்னிரண்டு எண்கள் மீதியின்றி வகுக்கின்றன. தனக்குக் குறைந்த எல்லா எண்களினும் மிகுதியான வகுத்திகளை உடைய இத்தகைய எண்களின் இயல்பை ஆராய்ந்து இராமானுஜன் 1915 ஆம் ஆண்டில் நீண்ட கட்டுரையொன்றை வெளியிட்டார். அதற்கே 1916 ஆம் ஆண்டில் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகம் பட்டம் வழங்கியது. இரு கல்லூரிகளில் தவறியவர் கணிதத்தாலேயே பட்டம் பெற்றார்.

அக்கட்டுரையும் முழுமையாக அச்சேறவில்லை. அது முதல் உலகப்போர்க் காலம். கட்டுரையை வெளியிட்ட இலண்டன் கணிதக் கழகம் பொருள் நெருக்கடியில் இருந்தது. அச்சுச் செலவைக் குறைக்கும் பொருட்டு, இராமானுஜன் தாம் எழுதியதில் ஒரு பகுதியை விட்டுவிட நேர்ந்தது.

பின்னர் ஆர்டியும் இராமானுஜனும் சேர்ந்து எண்களின் கூட்டுப் பிரிவுகளை ஆராய்ந்தனர். 4 என்னும் எண்ணை நான்கு, மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இரண்டும் ஒன்றும் ஒன்றும், நான்கு ஒன்றுகள் என ஐந்து வகையாகப் பிரிக்கலாம். 200 என்னும் எண்ணையோ 3,972,999,029,388 வகையாகப் பிரிக்கலாம். இவ்வளவு பெரிய தொகையை ஒவ்வொன்றாய் எண்ணாமலே காணும் வழியை இருவரும் 1918 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அத்தொகைகளின் பட்டியலில் இராமானுஜன் மற்றொரு வியப்பையும் கண்டார். 4, 9, 14, 19 என நான்கிலோ ஒன்பதிலோ முடியும் எண்களின் பிரிவுத்தொகைகள் முறையே 5, 30, 135, 490 ஆகும். இவ்வாறு செல்லும் தொகைகள் அனைத்தும் ஐந்தால் மீதியின்றி வகுபடும் என்று அவர் நிறுவினார்.

முடிவை மட்டும் எழுதியவர் இவ்வாறு நிறுவும் முறையையும் மேற்கொண்டார். அதற்கு ஆர்டியின் நட்பு துணைநின்றது. வழியை விளக்கச் சொல்வதால் இராமானுஜனின் கற்பனை தடைப்படலாகாது என்று ஆர்டி அஞ்சினார். ஆகவே கற்பித்தும் கற்றும் அவரோடு பழகினார். 1918 ஆம் ஆண்டில் இராமானுஜன் இராயல் சங்கத்தின் உறுப்பினரானார். அதே ஆண்டில் திரினிதிக் கல்லூரியின் ஆய்வுறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பேறு பெற்ற முதல் இந்தியர் அவரே.

இறுதிக் காலமும் ஏடுகளின் வரலாறும்

குளிரும், போர்க்கால உணவுக் குறைவும், தனிமையும் அவர் உடலை வருத்தின. 1917 ஆம் ஆண்டு முதல் மருத்துவமனைகளிலேயே பெரும்பொழுது கழிந்தது. 1919 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தாயகம் திரும்பினார். கொடுமுடியிலும் கும்பகோணத்திலும் தங்கியிருந்து, பின் சென்னைச் சேத்துப்பட்டை அடைந்தார். நோய்ப் படுக்கையிலும் அவர் கை ஓயவில்லை. 1920 ஆம் ஆண்டு சனவரியில் ஆர்டிக்கு எழுதிய இறுதிக் கடிதத்தில் புதியதொரு கணிதத் துறையைத் தொடங்கி வைத்தார். ஏப்பிரல் 26 ஆம் நாள், முப்பத்திரண்டாம் வயதில், உயிர் நீத்தார்.

அவர் மறைந்தபின் அவர் கட்டுரைகள் தொகுக்கப்பெற்று 1927 ஆம் ஆண்டில் கேம்பிரிட்சில் நூலாக வெளிவந்தன. ஆர்டியுடன் அத்தொகுப்பைப் பதிப்பித்த இருவருள் ஒருவர் சேசு ஐயர். ஆனால் கணக்கேடுகளை அச்சிடுவது எளிதாகவில்லை. மூவாயிரத்துக்கு மேற்பட்ட முடிவுகள் நிறுவப்படாமல் அவற்றில் நின்றன. வாட்சன், வில்சன் என்னும் இரு கணித அறிஞர்கள் அவற்றைப் பதிப்பிக்க முயன்றனர். 1935 ஆம் ஆண்டில் வில்சன் மறைந்தார். பணியும் நிறைவுறாது நின்றது. இறுதியில், 1957 ஆம் ஆண்டில், பம்பாயிலுள்ள தாதா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஏடுகளின் பக்கங்களை ஒளிப்படமாக எடுத்து அவ்வண்ணமே இரு தொகுதிகளாக வெளியிட்டது. இராமானுஜனின் கையெழுத்தே உலகெங்கும் சென்றது.

இறுதி ஆண்டில் அவர் எழுதிய தாள்கள் கடல் கடந்து கேம்பிரிட்சில் கிடந்தன. 1976 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் சார்சு ஆண்ட்ரூசு அவற்றைத் திரினிதிக் கல்லூரி நூலகத்தில் கண்டெடுத்தார். நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்களில் அறுநூற்றுக்கு மேற்பட்ட முடிவுகள் அவற்றில் இருந்தன. கணக்கேடுகளில் உள்ள முடிவு ஒவ்வொன்றையும் நிறுவிக் காட்டும் பெரும்பணியைப் புரூசு பெர்ன்ட் மேற்கொண்டார். அவருடைய ஐந்து தொகுதிகள் 1985 முதல் 1998 வரை வெளிவந்தன. அச்சுச் செலவுக்காக 1915 ஆம் ஆண்டில் நீக்கப்பட்ட பகுதியும், எண்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1997 ஆம் ஆண்டில் விளக்கக் குறிப்புகளுடன் ஓர் ஆய்விதழில் இடம்பெற்றது. இராமானுஜன் பிறந்த திசம்பர் 22 ஆம் நாள், 2012 ஆம் ஆண்டு முதல் தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்படுகிறது.

திருக்கோவிலூரில் அன்று கணக்கேட்டைப் புரட்டியவர் 1936 ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் நிறுவிய கழகம் நூறாண்டுகளைக் கடந்தும் நிலவுகிறது. இராமானுஜனின் அறிவு அவர்க்கே உரியது. அதனை ஒருவரும் அவர்க்குக் கொடுக்கவில்லை. ஆயின் அவ்வறிவு உலகுக்குக் கிட்டியது பலருடைய பொறுமையால். ஏட்டில் எழுதியிருந்தது எளிதில் விளங்காதபோதும் அதனைத் தள்ளிவிடாத அலுவலர் ஒருவர், கட்டுரையை மும்முறை திருத்துவித்த ஆசிரியர் ஒருவர், ஒரு பலகையை எதிரே வைத்து அமர்ந்த மேலலுவலர் ஒருவர், அயல்நாட்டிலிருந்து வந்த கடிதத்தைக் கருத்தூன்றிப் படித்த பேராசிரியர் ஒருவர் எனப் பலர் அவர்க்கு வாய்த்தனர். தாம் கண்டதைப் பிறர் அறியுமாறு எழுதுதல் கற்றோர் கடமை. பிறர் எழுதியதை ஊன்றிப் படித்து அறிதலும் அவ்வாறே கற்றோர் கடமையாகும். இவ்விரண்டும் கூடியவிடத்தில் இராமானுஜனின் புகழ் நிலைபெற்றது.